வைக்கோல் கூரை வீட்டுல கோளாறா? டெவன் பண்ணை வீட்டுக்கு அறிகுறி வாரியா ஒரு வழிமுறை

இங்கிலாந்தோட தென்மேற்குல இருக்கிற டெவன் பகுதியில, எக்ஸிட்டர் ஊர்ல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு பழைய பண்ணை வீட்டுல ஒன்பது வருஷமா இருக்கோம். மண்சுவர், மேல கோதுமை வைக்கோல் கூரை, லிஸ்டட் கட்டடம், கிரேடு 2, அதாவது பழமைக்காக சட்டம் பாதுகாக்குற வீடு. போட்டோவுல பாத்து மயங்கி வாங்கினது, குடிவந்த முதல் மழைக்காலத்துலயே அது வேலையை காட்டிடுச்சு. இப்ப தெரிஞ்சவங்க நாலஞ்சு பேர் இதே மாதிரி வீடு பாக்குறோம், இது ஏன் இப்படி இருக்கு அது ஏன் அப்படி இருக்குன்னு போன் பண்ணிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை வறண்டுபோச்சு, அதான் எழுதிடறேன்.

முதல்ல வீடு எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க, அது தெரியாம ரிப்பேர்ல இறங்கினா காசும் போகும் வீடும் போகும். கீழ ஒன்றரை ரெண்டு அடிக்கு கல்லு. அதுக்கு மேல களிமண்ணும் வைக்கோலும் தண்ணியும் சேத்து மிதிச்ச மண்சுவர், இங்க 'காப்'னு சொல்லுவாங்க, ரெண்டு அடிக்கு குறையாத கனம். அஸ்திவாரம்னு பெருசா எதுவும் கிடையாது. மேல கைமரம், அதுக்கு மேல ஒரு அடி கனத்துக்கு வைக்கோல். டெவன்ல ஒரு பழமொழி உண்டு, மண்சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல ஷூவும் இருந்தா போதும்னு. தொப்பின்னா கூரை, ஷூன்னா அந்த அடிக்கல்லு. கடலோடி வால்டர் ராலி 1550கள்ல பொறந்த ஹேய்ஸ் பார்ட்டன் பண்ணை வீடு ஈஸ்ட் பட்லி பக்கத்துல இன்னைக்கும் கூரையோட நிக்குது. இந்த சுவர் மழைத்தண்ணியை கொஞ்சம் குடிக்கும், வெயில் காத்துல கக்கிடும், அவ்வளவுதான் அதோட பிழைப்பு. கீழ சொல்ற கோளாறுல முக்காவாசி, அந்த கக்குற வழியை யாரோ ஒரு புண்ணியவான் அடைச்சதால வந்ததுதான்.

உள்சுவர்ல கீழ மூணு அடிக்கு ஓதம், பெயிண்ட் கொப்புளம், வெள்ளையா உப்பு பூக்குது

உடனே ஒரு ஆள் கையில ஈரம் காட்டுற மீட்டரோட வந்து சுவர்ல குத்தி, பாருங்க நூறு காட்டுது, ஊசி போட்டு கெமிக்கல் ஏத்தணும்பார். அனுப்பி வைங்க. அந்த மீட்டர் மரத்துக்கு செஞ்சது, பழைய சுவர்ல உப்பு இருந்தாலே எகிறும்.

முதல்ல வெளிய போங்க. சுவரோரமா மண்ணு எந்த உயரத்துல இருக்கு, உள்ள தரை எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க. எங்க வீட்டுல முன்னாடி இருந்தவங்க ரோஜாச்செடி வைக்க மண்ணு கொட்டிக் கொட்டி வெளிமட்டம் உள்தரையை விட ஒரு அடி மேல ஏறியிருந்துச்சு, அதாவது ஷூவுக்குள்ள மண்ணை ரொப்பி வச்சிருந்தாங்க. இந்த வீடுகள்ல பெரும்பாலும் தண்ணி பிடிக்க கட்டர் கிடையாது, இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல வெளிய நீண்டு தண்ணியை தள்ளி விழ வைக்கும், அந்த விழுற இடத்துல சிமெண்ட் தளம் போட்டிருந்தா தெறிச்சு திரும்ப சுவர்லயே அடிக்கும். மண்ணை உள்தரையை விட அரையடியாவது கீழ இறக்குங்க, தண்ணி விழுற கோட்டுல ஜல்லி போட்டு சரிவா வெளிய ஓட விடுங்க. ஆனா சுவரை ஒட்டி ஆழமா வெட்டிடாதீங்க, சொன்னேன்ல, அஸ்திவாரம் கிடையாது, நீங்க வெட்டுறது அதோட காலடியை.

மட்டம் சரியா இருந்தும் ஓதம் போகலைன்னா வெளிப்பூச்சை பாக்கணும். விரல் முட்டியால தட்டுங்க. டொக்கு டொக்குன்னு பொள்ளலா கேட்டா பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கு. வீட்டுச்சாவியால ஒரு மூலையில சுரண்டுங்க, வெள்ளையா மாவு மாதிரி வந்தா சுண்ணாம்பு, சாவி தேஞ்சு பூச்சுல சாம்பல் கோடு மட்டும் விழுந்தா சிமெண்ட். போன நூற்றாண்டுல நல்லது பண்றோம்னு நினைச்சு ஊர் ஊரா சிமெண்ட் பூசி விட்டுட்டாங்க. சிமெண்ட் விறைப்பானது, மண்ணு அப்படி இல்ல, வெயிலுக்கும் குளிருக்கும் ரெண்டும் வேற வேற மாதிரி அசையும், அப்ப மயிரிழை விரிசல் விழும், மழை அது வழியா உள்ள போகும், போனது வெளிய வர வழியில்லாம பின்னாடியே இறங்கி இறங்கி அடியில சேந்து, அந்த மண்ணு களி மாதிரி ஆயிடும். எங்க வீட்டுல இருந்து ரெண்டு மைல்ல ஒரு வீட்டுல பிப்ரவரி மழையில ராத்திரி பக்கச்சுவர் அப்படியே உக்காந்துடுச்சு. காலையில போய் பாத்தப்போ சிமெண்ட் பூச்சு பெரிய பெரிய பலகையா உடஞ்சு கிடக்கு, பின்பக்கம் தொட்டா வழவழன்னு சேறு. வெளிய இருந்து பாத்தா முந்தின நாள் வரைக்கும் பளிச்னு பெயிண்ட் அடிச்ச சுவர். நல்லவேளை அந்த ரூம்ல யாரும் படுக்கலை.

சுவர்ல நிஜமா எவ்வளவு ஈரம்னு நீங்களே பாக்கலாம். பெரிய டிரில் பிட்டால மெதுவா துளை போட்டு மேல்பக்கம், நடுவுல, ஆழத்துலன்னு மண்ணை தனித்தனி டப்பாவுல எடுங்க, உடனே மூடி போட்டுடுங்க. சமையல் தராசுல எடை பாத்து, ஓவன்ல 105 டிகிரியில எடை மாறாம நிக்கிற வரைக்கும் வச்சு, திரும்ப எடை பாருங்க. எங்க வடக்குச்சுவர் மண்ணு 200 கிராம் எடுத்தேன், காஞ்சப்புறம் 176 கிராம், அப்ப 24 கிராம் தண்ணி, காஞ்ச எடையில கிட்டத்தட்ட 13.6 சதவீதம். (ஓவன்ல மண்வாசனை ஒரு வாரம் போகலை, வீட்டுல அதுக்கு வாங்கின திட்டு தனி.) நல்லா காஞ்ச மண்சுவர்ல இது அஞ்சு சதவீதத்துக்குள்ள இருக்கும். பத்தை தாண்டினா மண்சுவர் தெரிஞ்ச இன்ஜினியரை கூப்பிட்டுடுங்க, அந்த அளவுக்கு மேல அடிமண்ணோட தெம்பு இறங்க ஆரம்பிக்கும்.

சிமெண்ட்டை எடுக்கணும், ஆனா ஒரே நாள்ல மொத்தமா உரிச்சுடாதீங்க. சில வீட்டுல அந்த பூச்சுதான் ஈர மண்ணை பிடிச்சுட்டு நிக்கும், உரிச்சா சுவரும் கூடவே வரும். முட்டு கொடுத்துட்டு சின்ன சின்ன பகுதியா எடுக்கணும், பவர் பிரேக்கர் வேணாம், உளியும் சுத்தியும் போதும். எடுத்ததும் சுவரை காய விடுங்க. மாசக்கணக்குல ஆகும், எங்களுக்கு ரெண்டு கோடை ஆச்சு. ஹீட்டர் வச்சு விரட்டினா மேல்பக்கம் மட்டும் காஞ்சு வெடிக்கும். அப்புறம் சுண்ணாம்புக்காரை, உள்ள ஆட்டுமுடி கலந்து, மூணு கோட்டா. சுண்ணாம்பு காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்துதான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. அஞ்சு டிகிரிக்கு கீழ போற நாள்ல பூசவே கூடாது, உறைஞ்சு உதிர்ந்துடும், அதனால இங்க அக்டோபரோட வேலையை கட்டி வச்சுடுவாங்க. மேல அடிக்கிற சுண்ணாம்பு பால் மாதிரி தண்ணியா இருக்கணும், நாலஞ்சு தடவை. முதல் தடவை அடிக்கும்போது ஒண்ணுமே அடிக்காத மாதிரி இருக்கும், காய காயத்தான் வெளுக்கும், கெட்டியா அடிச்சா பொரிஞ்சு விழும். இது வெள்ளையடிச்சு வளந்த நமக்கு சொல்லித்தர வேண்டியதில்ல, ஆனா உள்ளூர் பெயிண்டர் ஒருத்தருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு.

உள்பக்கமும் ஜிப்சம் பூச்சு, பிளாஸ்டிக் பெயிண்ட் இருந்தா அதுவும் போகணும்.

சுவர்ல விரிசல்

பென்சில்ல விரிசலோட ரெண்டு நுனியிலயும் கோடு போட்டு தேதி எழுதுங்க. ஒரு வருஷம் நகரலைன்னா அது கிழவர் முகச்சுருக்கம், விடுங்க. மூலையில மேல இருந்து கீழ விழுந்த விரிசல் இந்த வீடுகள்ல ரொம்ப சாதாரணம், மண்ணு காயும்போது சுருங்கினது, இல்ல கூரை சுவரை வெளிய தள்ளினது. விரிசல்ல காப் மண்கட்டியை வச்சு தையல் போட்ட மாதிரி சேத்துடலாம். ஆனா புது விரிசலும் அடியில வயிறு மாதிரி புடைப்பும் ஒண்ணா வந்தா, அன்னைக்கே அந்த ரூமை காலி பண்ணுங்க, முட்டு, இன்ஜினியர்.

தெற்குச்சுவர்ல பென்சில் போற அளவுக்கு நிறைய ஓட்டை, மார்ச் ஏப்ரல்ல தேனீ மாதிரி ஏதோ வந்து போகுதுன்னா பதறாதீங்க, மண்ணுல கூடு கட்டுற தனித்தேனீ. பூச்சு இல்லாம வெறுமண் தெரியுற இடத்துலதான் வரும். எலி வளைதான் ஆபத்து, அதை உள்வரைக்கும் மண்ணு வச்சு அடைக்கணும்.

கூரை கருத்துப்போச்சு, பாசி, மேல இருந்து கீழ வாய்க்கால் மாதிரி பள்ளம்

கருத்தது வயசு, அது கோளாறு இல்ல. பொன்நிறம் ஒரு வருஷம்தான், அப்புறம் சாம்பல்தான். பாசியை சுரண்டுறேன்னு ஏணி வச்சு ஏறாதீங்க, சுரண்டும்போது வைக்கோல் நுனியும் கூடவே வந்துடும், அதுக்கு பதிலா மேல சாயுற மரக்கிளையை வெட்டி வெயிலும் காத்தும் படவிட்டா பாதி குறையும்.

கூரையை கீழ இருந்தே படிக்கலாம், பைனாகுலர் போதும். முகடு முதல்ல போகும், அது எல்லா கூரைலயும் பத்துல இருந்து பதினஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை மாத்துறதுதான், அதை பாத்து மொத்த கூரையும் போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அடுத்து சரிவுல பள்ளம் விழும். பள்ளத்துக்குள்ள ஹேசல் குச்சி தெரியுதான்னு பாருங்க. வைக்கோலை பிடிச்சு வைக்க ஹேசல் மரக்குச்சியை பிளந்து, நடுவுல முறுக்கி, ஹேர்பின் மாதிரி வளைச்சு குத்தியிருப்பாங்க, அது வெளிய தெரிஞ்சா மேல்வைக்கோல் தேஞ்சு பிடிமானம் வரைக்கும் வந்துடுச்சுன்னு அர்த்தம், அடுத்த மழைக்காலத்துக்குள்ள ஆள் வேணும். நல்ல கூரைல எவ்வளவு மழை பெஞ்சாலும் மேல ஓரிரு அங்குலம்தான் நனையும், தண்ணி நுனிக்கு நுனி தாவி இறவாரத்துக்கு போயிடும். அதுக்கு சரிவு 45 டிகிரிக்கு குறையக்கூடாது, 50 இருந்தா இன்னும் நல்லது. ஜன்னலுக்கு மேல புருவம் மாதிரி வளையுற இடத்துல சரிவு குறையும், அதான் அங்க முதல்ல அழுகும், அங்கதான் முதல்ல பாக்கணும்.

புதுசா போட்ட கூரை பத்து வருஷத்துல பொசுக்குன்னு போச்சுன்னா வைக்கோல்ல கோளாறா இருக்கலாம். இப்ப வயல்ல விளையுற கோதுமை குட்டை ரகம், கம்பைன் மெஷின் தண்டை நொறுக்கிடும், யூரியா போட்டு வளத்த தண்டு பஞ்சு மாதிரி. கூரைக்குன்னு நெட்டை ரகத்தை, 1964ல வந்த மாரிஸ் விட்ஜன் மாதிரி, தனியா பயிர் பண்ணி பழைய கட்டு கட்டுற மெஷின்ல அறுக்குறாங்க. ஆள் பேசும்போது எந்த ரகம், யார் வயல், எந்த வருஷ அறுவடைன்னு கேளுங்க. நல்ல ஆள் சந்தோஷமா அரைமணி நேரம் பேசுவார்.

வைக்கோலே வேணாம், தண்ணி நாணல் போடுங்க, ரெண்டு மடங்கு வருஷம் வரும்னும் ஒரு ஆள் சொல்லுவார். வரும்தான், நார்ஃபக் பக்கம் அதுதான் பரம்பரை. ஆனா நாணலை போட பெரும்பாலும் பழைய கூரையை கைமரம் வரைக்கும் உரிக்கணும், டெவன் வழக்கம் பழசு மேலயே புதுசை குத்துறது. லிஸ்டட் வீட்டுல பொருளை மாத்த கவுன்சில் அனுமதியும் தேவைப்படலாம், முன்னாடியே கேட்டுக்கோங்க, அனுமதி இல்லாம லிஸ்டட் கட்டடத்துல கை வச்சா அபராதம் மட்டும் இல்ல, கிரிமினல் குத்தம்.

புகைபோக்கி பக்கத்துல மட்டும் சீலிங்ல காபி கறை

கூரையும் செங்கல்லும் சேருற இடத்துல சிமெண்ட் வச்சு அடைச்சிருப்பாங்க, வைக்கோல் தேஞ்சு கீழ இறங்க இறங்க சிமெண்ட் மட்டும் மேல அந்தரத்துல நிக்கும், இடைவெளியில தண்ணி இறங்கும். ஈயத்தகடு வச்சு சரி பண்ணுவாங்க, கூரை ஆளும் கொத்தனாரும் ஒரே நாள் வரணும், இல்லைன்னா ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுட்டே ஒரு மழைக்காலம் ஓடிடும்.

அட்டத்துல புகை வாசனை

அடுப்பு எரியும்போது அட்டத்துலயோ (கூரைக்கு அடியில இருக்கிற பரண்) மாடி ரூம்லயோ புகை வாசனை வந்தா படிக்கிறதை நிறுத்திட்டு அவசர நம்பர் 999க்கு கூப்பிடுங்க, எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வாங்க. தோட்டத்து ஹோஸை தூக்கிட்டு ஓடாதீங்க. மழைத்தண்ணியை ஓட வைக்கிறதுக்குன்னே அடுக்கின கூரை அது, உங்க ஹோஸ் தண்ணியும் அப்படியேதான் ஓடும், நெருப்பு உள்ள கங்கா நகர்ந்துட்டே இருக்கும். தீயணைப்புக்காரங்களே குறுக்க கூரையை வெட்டி எடுத்துத்தான் பரவாம தடுப்பாங்க. அந்தக்காலத்துல ஊருக்கு பொதுவா நீளக் கழியில இரும்புக்கொக்கி வச்சிருந்தது இதே வேலைக்குத்தான். லண்டன்ல 1212 தீக்கு அப்புறம் இந்த மாதிரி கூரையே போடக்கூடாதுன்னு தடை வந்துடுச்சு. ஷாட்டரிங்கிற ஊர்ல ஷேக்ஸ்பியர் மனைவி ஆன் ஹாதவே பொறந்த பண்ணை வீடு, 1892ல ஷேக்ஸ்பியர் பர்த்பிளேஸ் டிரஸ்ட் வாங்கி காப்பாத்தி வச்சது, அதுக்கே 1969ல தீ பிடிச்சு கூரை போச்சு, பழையபடி திரும்ப கட்டினாங்க.

வாசனை அடுப்பு எரியாத நாள்ல, ஈரமா தார் மாதிரி வந்தா அது வேற. புகைபோக்கி உள்ள கீல் படிஞ்சிருக்கு, இல்ல செங்கல்லுக்கு நடுவுல சாந்து உதிர்ந்து புகை கசியுது. பழைய புகைபோக்கி கூரைக்குள்ள போற இடத்துல ஒரே ஒரு செங்கல் அகலம்தான், நாலு அங்குலம். அந்தப்பக்கம் வைக்கோல். கேமரா விட்டு பாக்கச் சொல்லுங்க, பாத்து முடியுற வரைக்கும் அடுப்பு பத்த வைக்காதீங்க.

கூரை தீயில முக்கியமான சந்தேகம் மேல பறக்குற தீப்பொறி மேலதான். பேப்பர், அட்டைப்பெட்டி, சுள்ளி போட்டு பத்த வைக்கிற முதல் பத்து நிமிஷம்தான் மோசம், எரியுற துண்டு அப்படியே மேல பறந்து கூரைல விழும். அதனால காஞ்ச விறகு, ஈரம் 20 சதவீதத்துக்கு கீழ. அட்டை எரிக்கவே கூடாது. புகைபோக்கி வாய் கூரையை விட 1.8 மீட்டராவது உயரத்துல இருக்கட்டும். வருஷத்துக்கு ரெண்டு தடவை துடைக்கணும், பறவைக்கூடு இருந்தா எடுக்கணும். பொறி பிடிக்கிற வலை மாட்டலாமேன்னு தோணும், கீல் படிஞ்சு அதுவே அடைச்சு அதுவே எரியும், வேணாம். அட்டத்துல ஒயரை எலி கடிச்சிருக்கான்னும் பாத்துடுங்க. நாங்க விறகு ஸ்டவ்வையே கழட்டிட்டோம், அழகு குறைஞ்சுதான் போச்சு, தூக்கம் நல்லா வருது.

ஏப்ரல் ராத்திரி உத்தரத்துக்குள்ள டக் டக் டக்

பேய் இல்ல. டெத்வாட்ச்னு ஒரு வண்டு, ஓக் மரத்துக்குள்ள இருந்து தலையை மரத்துல முட்டி ஜோடியை கூப்பிடுது. சாவு வீட்டு நிசப்தத்துல கண்விழிச்சு உக்காந்திருக்கிறவங்க காதுல விழுந்ததால அந்தப்பேர். ஓட்டை 3 மி.மீ. இருக்கும், ஒன்றரை ரெண்டு மி.மீ.ன்னா சாதாரண உளுப்புழு. எது பழைய ஓட்டை எது புதுசுன்னு பாக்க, ஓட்டை மேல மெல்லிய டிஷ்யூ பேப்பரை ஒட்டி விடுங்க, கோடையில பேப்பர் கிழிஞ்சு புது ஓட்டை விழுந்தா ஆள் உள்ள இருக்கார். மருந்து அடிக்கிற கம்பெனிக்கு போன் போடுறதுக்கு முன்னாடி அந்த உத்தரத்தோட நுனி சுவருக்குள்ள எங்க போகுதுன்னு பாருங்க, கிட்டத்தட்ட எப்பவும் அங்க ஈரம் இருக்கும், பூஞ்சை பிடிச்ச ஓக்தான் அதுக்கு சாப்பாடு. ஈரத்தை நிறுத்தினா வண்டு மெதுவா பட்டினி கிடந்து போயிடும். மேல அடிக்கிற மருந்து அரை அங்குலம் கூட இறங்காது, புழு நடு மரத்துல இருக்கு.

உத்தரத்துல நீளவாக்குல பெரிய பிளவு இருந்தா அதுக்கு இதோட சம்பந்தம் இல்ல, பச்சை ஓக்லயே வீடு கட்டுவாங்க, காயும்போது பிளந்தது.

அட்டத்துல அடிவைக்கோல் எல்லாம் கரி மாதிரி கருப்பு

தீ பிடிச்சு அணைஞ்ச தடம்னு நினைச்சு பயந்தேன். கைமரமும் கருப்பு, கட்டின கயிறு மாதிரி கொடியும் கருப்பு, நடுவுல ஒரு தடுப்புக்கு அந்தப்பக்கம் மட்டும் ஒண்ணும் இல்ல. கூரை ஆள் ஒரு பெரியவர், மேல வந்து டார்ச் அடிச்சு பாத்துட்டு தொப்பியை கழட்டிட்டார். ஆதியில இந்த வீட்டுக்கு புகைபோக்கியே கிடையாது, கீழ கூடத்துல தரை நடுவுல அடுப்பு, மாடி கிடையாது, புகை மேல ஏறி கூரை வழியா கசிஞ்சு போகும். பதினாறு பதினேழாம் நூற்றாண்டு வாக்குலதான் இந்தப்பக்கம் புகைபோக்கியும் மாடியும் போட்டாங்க, அதோட புகைக்கரி நின்னுடுச்சு. ஒவ்வொரு தலைமுறையும் பழசு மேலயே புதுசை வேய்ஞ்சதால அந்த முதல் அடுக்கு அப்படியே அடியில தங்கிடுச்சு. இங்கிலாந்துல மிஞ்சியிருக்கிற இந்த மாதிரி கருவைக்கோல்ல பெரும்பாலானது டெவன்லதான் இருக்கு. அவர் ஒரு தண்டை உருவி காட்டினார், நம்ம ஊர் கம்பு இல்ல, ரைங்கிற தானியத்தோட கதிர், மணி உதிர்ந்த உமி கூட அப்படியே. அப்ப இந்த வயல்ல எந்த ரகம் போட்டாங்கன்னு ஆராய்ச்சிக்காரங்க பாக்குறது இதை வச்சுத்தான், இப்ப அந்த ரகம் எல்லாம் வயல்ல கிடையாது.

இதுக்கு ரிப்பேர் எதுவும் வேணாம். போட்டோ எடுத்து பழைய கட்டடங்களை பாத்துக்கிற கவுன்சில் கன்சர்வேஷன் ஆபீசருக்கு அனுப்புங்க, மேல வேலை செய்ற ஆள்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, வேக்யூம் கிளீனரை தூக்கிட்டு அட்டம் ஏறாதீங்க. நான் ஏறினேன். பெரியவர் வர்றதுக்கு முந்தின சனிக்கிழமை, வீடு சுத்தமா இருக்கணுமேன்னு, ரெண்டு பை நிறைய உறிஞ்சு குப்பையில போட்டிருந்தேன்.